சீஸ் உருண்டை வெடிக்கிறதா, நமுத்துப் போகிறதா, உள்ளே காலியா? கிறிஸ்துமஸ் ராத்திரிக்கு முன் பார்க்க வேண்டியவை

டிசம்பர் 24 ராத்திரி மதுரை கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்தில் பூசை முடிந்ததும் சொந்தக்காரர்கள் இருபது பேராவது எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கேக், முறுக்கு, அதிரசம் எல்லா வீட்டிலும் இருக்கும். அந்தக் குளிர்ந்த நேரத்தில் சூடாக ஏதாவது வேண்டும் என்றுதான் சீஸ் உருண்டை போட ஆரம்பித்தேன். முதல் வருஷம் போட்ட 24-இல் 9 எண்ணெயிலேயே வாயைப் பிளந்து சீஸைக் கக்கிவிட்டன. மிச்சத்தில் ஒன்றைக் கடித்த அத்தை, "ஏத்தா, சீஸு எங்கத்தா போச்சு?" என்று கேட்டார்கள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒன்று கெட்டு, அதைத் தேடித் தேடிச் சரிசெய்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. வெடிப்பது, உரிவது, எண்ணெய் குடிப்பது, நமுத்துப்போவது எல்லாம் வேறு வேறு கோளாறு மாதிரி தெரிந்தாலும், பெரும்பாலும் எங்கேயோ தங்கிவிட்ட ஈரத்தில்தான் போய் முடியும். கிழங்கில் ஈரம், சீஸில் ஈரம், ரஸ்க் தூளில் ஈரம், மூடி வைத்த பாத்திரத்தில் ஈரம். உங்கள் உருண்டைக்கு என்ன ஆகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் பாருங்கள். அதற்கு முன் அளவை மட்டும் சொல்லிவிடுகிறேன், அளவு தப்பாக இருந்தால் கீழே சொல்வது எதுவும் உதவாது.

20 உருண்டைக்கு: உருளைக்கிழங்கு அரை கிலோ, மொசரெல்லா கட்டி 80 முதல் 100 கிராம், சோளமாவு 2 மேசைக்கரண்டி, பிசைவதற்கு ரஸ்க் தூள் 3 மேசைக்கரண்டி, பச்சை மிளகாய், இஞ்சி, மல்லித்தழை, மிளகுத்தூள், உப்பு. மேலே தோய்க்கும் கரைசலுக்கு மைதா 4 மேசைக்கரண்டி, சோளமாவு 2 மேசைக்கரண்டி, தண்ணீர் சுமார் 90 மில்லி. புரட்டுவதற்கு ரஸ்க் தூள் அல்லது உலர்ந்த பிரெட் தூள் 150 கிராம். சீஸை ஒன்றரை சென்டிமீட்டர் கட்டமாக வெட்டி, ஒவ்வொன்றையும் 22 கிராம் கிழங்கு மசியலில் பொதிந்தால் சின்ன எலுமிச்சை அளவுக்கு வரும்.

எண்ணெயில் வெடித்துச் சீஸைக் கக்கினால்

எப்போது வெடிக்கிறது என்று முதலில் கவனியுங்கள். போட்ட அரை நிமிஷத்துக்குள் படபடவென்று எண்ணெய் தெறித்து வெடித்தால் வெளிப்பக்கத்து ஈரம். ஒன்றரை, இரண்டு நிமிஷம் நன்றாகப் பொரிந்துகொண்டிருந்து, பிறகு ஒரு ஓரத்தில் வெள்ளையாகக் கொப்புளித்து ஒழுகினால் சுவர் மெலிந்திருக்கிறது, அல்லது எடுக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு.

வெளிப்பக்கத்து ஈரம் பெரும்பாலும் ஃப்ரீசரில் இருந்து வருவது. முதல் நாளே செய்து ஃப்ரீசரில் வைத்த உருண்டையின் மேல் பனித்துகள் படிந்திருக்கும். அதை அப்படியே 180 டிகிரி எண்ணெயில் போட்டால் பனி நொடியில் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் இருந்த இடத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். ரஸ்க் தூள் கவசம் அதை எங்கே தாங்கும்? ஃப்ரீசர் உருண்டையைப் பொரிக்கும் முன் பனியைத் துடைத்து, மறுபடி ஒரு முறை உலர்ந்த தூளில் புரட்டிப் போடுங்கள். என்னைக் கேட்டால் ஃப்ரீசரே வேண்டாம். சாயங்காலம் செய்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடாமல், ஒரு மணி நேரம் வைத்தால் மேல்தோல் காய்ந்து இறுகிவிடும். அதற்கு மேல் வைப்பதானால் மூடிக்கொள்ளுங்கள், எடுத்ததும் இன்னொரு புரட்டு.

கிழங்கின் ஈரம் இன்னும் மோசம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. தோலை உரித்து, நறுக்கி, குக்கரில் தண்ணீர் ஊற்றி வேகவைக்கும் பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு இருக்கிறது. வெட்டுப்பட்ட பக்கமெல்லாம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தோலோடு முழுசாக வேகவையுங்கள். தண்ணீருக்கு மேலே தட்டில் வைத்து ஆவியில் வெந்தால் இன்னும் நல்லது. சூடாக இருக்கும்போதே உரித்து மசித்து, பெரிய தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் இருபது நிமிஷம் விடுங்கள். ஆவி பறக்கப் பறக்கத்தான் ஈரம் போகும். சூட்டோடு பாத்திரத்தில் மூடி வைத்தால் அந்த ஆவி திரும்ப மசியலிலேயே இறங்கிவிடும். புதுக் கிழங்கு என்றால் நீர்ச்சத்து கூட, மசித்தால் கொழகொழவென்று வரும். மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தையிலோ தெருக்கடையிலோ வாங்கும்போது நகத்தால் கீறிப் பாருங்கள். தோல் சட்டென்று வழன்று வந்தால் அது புதுசு. குழம்புக்கு ஆகும், உருண்டைக்கு வேண்டாம்.

மசியல் கையில் ஒட்டினால் மாவை அள்ளிக் கொட்டாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி ரஸ்க் தூள் போட்டு ஐந்து நிமிஷம் பொறுங்கள், அது ஈரத்தை இழுத்துக்கொள்ள நேரம் வேண்டும். சோளமாவைக் கூட்டிக்கொண்டே போனால் வெடிக்காதுதான், ஆனால் உள்ளே களி மாதிரி இருக்கும்.

இனி மெலிந்த சுவர். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. சீஸ் கட்டத்துக்கு எட்டு மூலை உண்டு. உருண்டையை எவ்வளவு அழகாக உருட்டினாலும் அந்த மூலை இருக்கிற இடத்தில் கிழங்குச் சுவர் பாதிகூட இருக்காது. கக்குவது அங்கேதான். வெட்டிய சீஸ் துண்டை உள்ளங்கையில் வைத்து அழுத்தி மூலையை மழுக்கிவிடுங்கள். பிறகு மெல்லிய துணியில் ஒற்றி, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். உருண்டை முழுவதையும் உறைய வைப்பது வேறு, சீஸை மட்டும் இறுக்கிக்கொள்வது வேறு. பின்னது உதவும். சுற்றிலும் சுவர் இறுகும்வரை சீஸ் உருகாமல் குளிராக இருந்தால் நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

பொதியும்போது காற்று மாட்டிக்கொண்டாலும் கொப்புளம் போடும். கிழங்கைக் கிண்ணம் போல் குழித்து, சீஸை வைத்து, விளிம்பைக் கூட்டி மூடி, மூடிய இடத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பிறகு உருட்டுங்கள். கொழுக்கட்டை பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. ரேகை மாதிரி ஒரு கோடு தெரிந்தால்கூட அந்தக் கோட்டில்தான் திறக்கும்.

முதல் ஈடு வெடித்துவிட்டது, விருந்தாளி வாசலில் நிற்கிறார்கள் என்றால்? மிச்ச உருண்டைகளை மறுபடி கரைசலில் தோய்த்து இரண்டாவது தடவை தூளில் புரட்டுங்கள். இரட்டைக் கவசத்துக்கு அப்புறமும் வெடித்தால் பேசாமல் எல்லாவற்றையும் தட்டையாக அழுத்தி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்கப் போட்டு, சீஸ் கட்லெட் என்று நீட்டிவிடுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள். அத்தை மட்டும் கேட்பார்கள்.

மேல்தூள் உரிந்து எண்ணெயில் மிதந்தால்

கரைசல் தண்ணீராக இருந்திருக்கும். கரண்டியின் முதுகில் தோய்த்து விரலால் கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். முட்டை சாப்பிடுகிறவர்கள் கரைசலுக்குப் பதில் அடித்த முட்டையில் தோய்க்கலாம், பிடிப்பு இன்னும் நன்றாக இருக்கும். எங்கள் வீட்டுக்குச் சைவக்காரர்களும் வருவதால் நான் மைதாவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

புரட்டிய கையோடு எண்ணெயில் போட்டாலும் உரியும். தூள் கரைசலைக் குடித்து ஒட்டிக்கொள்ள அரை மணி நேரமாவது வேண்டும். இன்னொன்று, போட்ட உடனே கரண்டியை விட்டுக் கிளறுகிற கை. முதல் முப்பது, நாற்பது நொடி தொடவே கூடாது. பிறகு ஜல்லிக்கரண்டியால் மெதுவாகத் திருப்பிவிட்டால் போதும்.

வெளியே கறுத்து, உள்ளே சீஸ் கட்டியாகவே இருந்தால்

எண்ணெய் அதிகச் சூடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. 175 முதல் 180 டிகிரி சரியான சூடு. வெப்பமானி இல்லையென்றால் சின்ன பிரெட் துண்டைப் போட்டுப் பாருங்கள். உடனே மேலே வந்து, ஒரு நிமிஷத்தில் பொன்னிறமானால் சரி. இருபது நொடியில் சிவந்தால் தீயைக் குறைத்துக் காத்திருங்கள்.

சூடு சரியாக இருந்தும் கறுத்தால் ரஸ்க் பாக்கெட்டைப் பாருங்கள். நம் ஊர் பேக்கரி ரஸ்க் பெரும்பாலும் இனிப்பு. சர்க்கரை உள்ள தூள் உள்ளே சூடு போவதற்குள் கருகிவிடும். டீயில் தொட்டுத் தின்ன அது அருமை, இதற்கு உதவாது. இரண்டு நாள் பழைய சாதா பிரெட்டின் ஓரத்தை வெட்டிவிட்டு, மிக்ஸியில் உதிர்த்து, வெறும் கடாயில் இளந்தீயில் நிறம் மாறாமல் உலர்த்திக்கொள்ளுங்கள். கிழங்கை ஃப்ரிட்ஜில் வாரக்கணக்காக வைத்திருந்தாலும் இதே தொல்லை வரும். குளிரில் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும், பொரித்தால் சீக்கிரம் கறுக்கும். கிழங்கு கூடையில் இருக்கட்டும்.

சீஸ் கல் மாதிரி உறைந்திருந்தாலும் உருகாது. அரை மணி நேரம் என்றேன், ராத்திரி முழுக்க என்று சொல்லவில்லை. உருகாமல் போன உருண்டைகளைத் திரும்ப எண்ணெயில் போட வேண்டாம். 160 டிகிரி அடுப்பிலோ ஏர் ஃப்ரையரிலோ ஐந்தாறு நிமிஷம் வைத்தால் மேலே கருகாமல் உள்ளே இளகிவிடும்.

எண்ணெய் குடித்தால், எண்ணெய் பொங்கினால்

ஒரு லிட்டர் எண்ணெயில் ஒரு ஈட்டுக்கு ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். குளிர்ந்த உருண்டையைப் பத்துப் பன்னிரண்டாகக் கொட்டினால் சூடு தடாலென்று இறங்கும். மேல்தோல் இறுகத் தாமதமாகும், உள்ளே எண்ணெய் ஊறும். ஆனால் நிறைய பேர் கவனிக்காத ஒன்று: உருண்டை எண்ணெயை அதிகமாக இழுப்பது பொரியும்போது அல்ல, வெளியே எடுத்த பிறகு. பொரியும்போது ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் உள்ளே நுழைய முடியாது. எடுத்ததும் ஆவி குளிர்ந்து சுருங்கும், மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயை உள்ளே இழுக்கும். அதனால் எடுத்த அந்த நொடியிலேயே ஜல்லிக்கரண்டியை இரண்டு உதறு உதறி, சூட்டோடு வடியவிடுவதுதான் முக்கியம்.

பொங்குவதற்கும் புகைவதற்கும் காரணம் பெரும்பாலும் எண்ணெயேதான். மரச்செக்குக் கடலெண்ணெய் தாளிப்புக்கும் சட்னிக்கும் என் முதல் விருப்பம். ஆனால் சுத்திகரிக்காத கடலெண்ணெய் 160 டிகிரி பக்கத்திலேயே புகைய ஆரம்பித்துவிடும், நமக்கு வேண்டியதோ 180. இதற்கு மட்டும் ரீஃபைண்ட் எண்ணெய். கடாயில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். உதிர்ந்த தூளை ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவே அள்ளிவிடுங்கள், இல்லையென்றால் அது கருகி அடுத்த ஈட்டில் கறுப்புப் பொட்டாக ஒட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து மூடியைப் போட்டு மூடுங்கள்.

உருகுகிறது, ஆனால் நூலாக இழுக்கவில்லை என்றால்

இது உங்கள் கைத்தவறு இல்லை, கடையில் எடுத்த பாக்கெட். சீஸ் என்ற ஒரே பெயரில் நான்கைந்து வேறு பொருள் விற்கிறது. நூலாக இழுப்பது மொசரெல்லா. சின்னக் கட்டியாகத் தாளில் சுற்றி வருகிற ப்ராசஸ்டு சீஸில் கொழுப்பும் நீரும் பிரியாமல் இருக்க உப்பு வகைகள் சேர்ப்பார்கள். அது வழவழவென்று குழம்பாக இளகும், இழுக்காது. பனீரோ உருகவே உருகாது. கொதிக்கும் பாலை எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரித்துச் செய்வதால் அதன் புரதம் சூட்டில் இளகாமல் இன்னும் இறுகத்தான் செய்யும். பனீர் வைத்து உருண்டை செய்தால் வெடிக்கும் பயம் இல்லை, ஆனால் அதைச் சீஸ் உருண்டை என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.

விலை குறைவாக இருக்கிறதே என்று எடுக்கும் பாக்கெட்டில் பொருள் பட்டியலைப் படியுங்கள். பாமாயில், தாவர எண்ணெய் என்று இருந்தால் அது பால் கொழுப்பு இல்லாத போலி. சூட்டில் எண்ணெய் பிரிந்து, மிச்சம் ரப்பராக நிற்கும். துருவி விற்கும் மொசரெல்லாவும் வேண்டாம். ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள், உருண்டைக்குள் கட்டியாகச் சேராது. கொடைக்கானல் போய் வருகிறவர்கள் அங்கே செய்து விற்கும் சீஸ் வாங்கி வருவார்கள். வெகுநாள் பழுத்த கடினமான வகைக்கு ருசி பிரமாதம், தனியாக வைத்தால் இழுப்பு இருக்காது. மொசரெல்லா முக்கால், அது கால் என்று துருவிப் பிசைந்து சின்ன உருண்டையாக்கி உள்ளே வையுங்கள். நான் ருசித்ததில் இதுதான் சிறந்த கலவை.

ஒன்று கவனம்: இழுவை சூடு இருக்கும்வரைதான். பத்து நிமிஷம் ஆறினால் நல்ல மொசரெல்லாவும் இறுகிவிடும். அதற்காகக் கொதிக்கக் கொதிக்கப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். வெளியே ஆறிய மாதிரி இருக்கும், உள்ளே உருகிய சீஸ் நாக்கில் ஒட்டிக்கொண்டு சுடும். மூன்று நிமிஷம் பொறுத்துக் கொடுங்கள்.

பத்தே நிமிஷத்தில் நமுத்துப் போனால்

மொறுமொறுவென்று எடுத்த உருண்டையை எண்ணெய் உறிஞ்சட்டும் என்று செய்தித்தாளில் குவித்து, சூடு போகக்கூடாதே என்று ஹாட்பேக்கில் போட்டு மூடினால், அரை மணி நேரத்தில் மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் உங்கள் உருண்டையில் இருந்து வந்ததுதான், திரும்ப அதன் மேலேயே சொட்டும். அச்சடித்த தாளின் மை உணவுக்கு ஆகாது என்பது வேறு. கேக் ஆற்றும் கம்பி வலை இருந்தால் அதன் மேல், இல்லையென்றால் சல்லடையைக் கவிழ்த்து அதன் மேல், ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிவையுங்கள். கீழேயும் காற்று போக வேண்டும்.

டிசம்பர் என்பதால் இன்னொரு சிக்கல் உண்டு. வடகிழக்குப் பருவமழையின் கடைசிக் கட்டம். ஒரு வாரம் முன்னால் அரைத்து வைத்த ரஸ்க் தூள் டப்பாவைத் திறந்து மூடுவதிலேயே காற்றின் ஈரத்தை வாங்கியிருக்கும். கையில் பிடித்தால் கட்டி சேர்ந்தால் அது ஏற்கெனவே நமுத்த தூள், அதில் புரட்டிய உருண்டை எப்படி மொறுமொறுக்கும்? வெறும் கடாயில் மூன்று நிமிஷம் சூடு காட்டி, முழுக்க ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வேறு வீட்டு விருந்துக்குக் கொண்டுபோகிறீர்கள், புதூரில் இருந்து திருநகர் வரை வண்டியில் போக வேண்டும் என்றால், முழுக்கப் பொரிக்காதீர்கள். முக்கால் பதத்தில் வெளுப்பாக எடுத்து, நன்றாக ஆறவைத்து, மூடி லேசாகத் திறந்த டப்பாவில் கொண்டுபோய், அங்கே 180 டிகிரியில் ஆறேழு நிமிஷம் சூடாக்கலாம், அல்லது ஒரு நிமிஷம் எண்ணெயில் காட்டலாம். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம், அது உள்ளிருக்கும் நீரைச் சூடாக்கி வெளியே தள்ளி இன்னும் நமுக்க வைக்கும்.

தட்டில் கிறிஸ்துமஸ் மரம் போல் அடுக்கி, சுற்றிலும் மல்லித்தழை பரப்புகிறவர்களே, அந்தத் தழையைக் கழுவிய ஈரத்தோடு வைத்திருப்பீர்கள். அடிவரிசை உருண்டைதான் முதலில் போகும். பச்சை நிறத்துக்குப் பொரித்த கறிவேப்பிலை போடுங்கள், அதையும் சேர்த்துத் தின்றுவிடுவார்கள். சிவப்புக்கு மாதுளை முத்து வேண்டுமென்றால் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

உப்புக் கரித்தால்

சீஸிலேயே உப்பு இருக்கிறது, ரஸ்க் அல்லது பிரெட் தூளிலும் இருக்கலாம். கிழங்கில் வழக்கமாகப் போடுவதில் பாதி போடுங்கள். ஏற்கெனவே கூடிவிட்டால் தொட்டுக்கொள்ள உப்பே போடாத தயிரில் கொடைக்கானல் மலைப்பூண்டு ஒரு பல், புதினா அரைத்துக் கலந்து வைத்துச் சமாளிக்கலாம். அந்தப் பூண்டின் காரம் சாதாப் பூண்டைவிடத் தூக்கல், இரண்டாவது பல்லுக்கு ஆசைப்படாதீர்கள்.

பொரிக்காத வகை: தயிர் சீஸ் உருளை தட்டில் பரவிப் போனால்

எண்ணெய் வேண்டாம் என்பவர்களுக்காக நான் இன்னொன்றும் செய்வேன். கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, துருவிய சீஸ், மிளகு கலந்து, உருளையாக உருட்டி, உடைத்த வறுத்த வேர்க்கடலையில் புரட்டுவது. பிஸ்கட்டில் தடவித் தின்ன ஏற்றது. இது மேசைக்கு வந்த இருபதாவது நிமிஷத்தில் சோர்ந்து உட்கார்ந்துவிட்டால், தயிர் முழுசாக வடியவில்லை. நான்கு மணி நேரம் போதாது. ஃப்ரிட்ஜுக்குள்ளேயே, ஒரு வடிகட்டியில் வைத்து மேலே கனமான கிண்ணம் ஏற்றி, 12 மணி நேரம். வெளியே தொங்கவிட்டால் புளித்துவிடும், நம் ஊர் மார்கழி அவ்வளவு குளிர் இல்லை. ஒரு லிட்டர் தயிருக்கு நானூறு கிராம் அளவுக்கு வந்துவிட்டால் வடிந்தது சரி.

அப்படியும் இளகினால் துருவிய ப்ராசஸ்டு சீஸை இன்னும் ஐம்பது கிராம் கூட்டுங்கள், அதன் வழவழப்பு இங்கே உதவும். வெண்ணெய் சேர்த்தால் இறுகும் என்று சொல்வார்கள். ஃப்ரிட்ஜுக்குள் இறுகும், கூடத்தில் இருபது பேர் நிற்கிற சூட்டில் அதுவே முதலில் இளகும். ஒரே பெரிய உருளைக்குப் பதில் நான்கு சின்னதாகச் செய்து, ஒன்று தீரத் தீர அடுத்ததை எடுத்து வையுங்கள். வேர்க்கடலையை முன்கூட்டியே புரட்டாதீர்கள், அதுவும் நமுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருந்த மிச்சத்தைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம்.

பொரித்த உருண்டையில் மிஞ்சியதை உடனே ஆறவைத்து ஃப்ரிட்ஜில் எடுத்துவைத்திருந்தால், 25 காலையில் தோசைக்கல்லில் அழுத்தித் தட்டையாக்கி, ஓரம் முறுகும்வரை போடுங்கள். எங்கள் வீட்டில் இதற்காகவே நான்கைந்தை ஒளித்து வைப்பவர் யார் என்பது இன்னும் தெரியவில்லை, அத்தை மேல்தான் சந்தேகம்.